மலை சிறியது, பயன் பெரியது!

கடலூரில் மலை உண்டா?

வெளியூர்க்காரர் இப்படிக் கேட்டால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். "கடல் உண்டு, ஆறு உண்டு, துறைமுகம் உண்டு. மலைக்கு எங்கே போவது?" என்பார்.

ஆனால் கடலூரில் மலை உண்டு! அதன் பெயர் கேப்பர் மலை.

ஆயிரக்கணக்கான மக்கள் தினமும் அதைப் பார்க்கிறார்கள். அதன் மேல் பஸ்சில் போகிறார்கள். அதன் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஆனால் அது மலை என்ற நினைப்பு மட்டும் பலருக்கு இல்லை.

காரணம், அதன் உயரம். நகரத்தின் ஓரத்தில் அது சுமார் 100 அடி உயரம்தான் இருக்கும். மேற்கே போகப்போகக் கொஞ்சம் உயரும்.

நீலகிரியில் இருக்கும் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம். அதாவது, 8,600 அடிக்கு மேல். எவரெஸ்ட் சிகரமோ 8,848 மீட்டருக்கும் சற்று அதிகம். இவற்றுக்குப் பக்கத்தில் கேப்பர் மலையை நிறுத்தினால், யானைக்குப் பக்கத்தில் எறும்பை நிறுத்தியது போல இருக்கும்.

அப்படியானால் இதை மலை என்று மதிக்க வேண்டியது இல்லையா?

மதிக்கத்தான் வேண்டும். ஒரு மலையின் பெருமையை உயரத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. அது யாருக்கு என்ன தருகிறது என்பதைக் கொண்டு அளக்க வேண்டும். அப்படி அளந்தால், கடலூர் மக்களுக்கு எவரெஸ்டை விடக் கேப்பர் மலைதான் பெரிது!

எங்கே இருக்கிறது?

கடலூர் நகரத்துக்குத் தென்மேற்கே இந்த மலை தொடங்குகிறது. வண்டிப்பாளையம் அதன் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே, கெடிலம் ஆற்றின் தென்கரையை ஒட்டினாற்போல் மலை நீண்டு போகிறது.

ஒரு பக்கம் ஆறு. அதற்கு அப்பால் பச்சை வயல். இன்னொரு பக்கம் செக்கச்செவேல் என்ற மேடு. மேட்டின் மேல் முந்திரித் தோப்பும் பனை மரமும் தெரியும்.

இந்த மலைக்கு ஊசி போன்ற சிகரம் கிடையாது. உச்சி தட்டையாக, மேசை போல இருக்கும். ஏறிப் போனவருக்கு, மலை மேல் நிற்கிறோம் என்பதே தெரியாது. ஓரத்துக்கு வந்து கீழே பார்த்தால்தான் தெரியும்.

சிகரம் என்று சொல்ல ஒரே ஓர் இடம் இருக்கிறது. அது திருவந்திபுரம். கடலூரிலிருந்து சில மைல் தூரத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் தேவநாதசாமி கோவில் இருக்கிறது. எதிரே சிறு குன்று. அதன் பெயர் அவுஷதகிரி. "மருந்து மலை" என்று பொருள். குன்றின் மேல் ஹயக்ரீவர் சன்னதி. ஏறிப் போக 74 படிகள்.

அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது அதில் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. முகூர்த்த நாட்களில் இங்கே கல்யாணக் கூட்டம் அலை மோதும். எத்தனையோ குடும்பங்களுக்கு, இது தாலி கட்டிய மலை!

கோபுரமே மலை

கடலூருக்குத் தெற்கே போனால் சிதம்பரம். அங்கே எந்தத் திசையில் பார்த்தாலும் மேடு கிடையாது. வயலும் வாய்க்காலும்தான். கிழக்கே போனால் பிச்சாவரத்துச் சதுப்பு நிலம். அதற்கு அப்பால் கடல்.

அங்கே மலையின் வேலையைக் கோபுரங்கள் செய்கின்றன. நடராஜர் கோவிலில் நான்கு திசைக்கும் நான்கு கோபுரம். ஒவ்வொன்றுக்கும் ஏழு நிலை. உயரம் 130 அடிக்கு மேல். கேப்பர் மலையின் உயரத்துக்குக் குறைவு இல்லை. நாலாபுறமும் வெகு தூரத்துக்கு அவை தெரியும்.

தட்டையான ஊரில் உயரத்துக்கு அவ்வளவு மதிப்பு!

விருத்தாசலத்தின் கதை இன்னும் வேடிக்கை. அந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். "விருத்தாசலம்" என்றாலும் பழைய மலை என்றுதான் பொருள். ஆனால் ஊரில் மலையைக் காணோம்! மற்ற மலைகள் தோன்றுவதற்கு முன்பே இங்கே ஒரு மலை தோன்றியது, அது மண்ணுக்குள் மறைந்துவிட்டது என்று தலபுராணம் கூறுகிறது.

மலை இல்லாத ஊர், பெயரிலாவது மலையை வைத்துக்கொண்டது. மலை இருக்கும் ஊரோ, அதை மறந்துவிட்டது!

மலை எழவில்லை

கேப்பர் மலை எப்படித் தோன்றியது?

இமயமலை, பூமி மடிந்து மேலே எழுந்ததால் உண்டானது. கேப்பர் மலை அப்படி எழுந்தது அல்ல. அது, சுற்றி இருந்த மண் போய்விட்டதால் மிஞ்சி நிற்பது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு, மேற்கே இருந்த மலைகளை மழை அரித்தது. ஆறுகள் அந்த மணலையும் களிமண்ணையும் கூழாங்கல்லையும் அடித்துக்கொண்டு வந்து, கடலோரத்தில் கொட்டின. அடுக்கு மேல் அடுக்காகச் சேர்ந்தது. நாளடைவில் அது இறுகிக் கல் ஆனது.

அதற்குப் பூகோள நிபுணர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "கடலூர் மணற்கல்!" இந்தியாவின் மண்ணைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்களில் கடலூரின் பெயர் இப்படி ஏறிவிட்டது.

பிறகு, கொண்டு வந்து கொட்டிய ஆறுகளே அந்த நிலத்தை அறுக்கத் தொடங்கின. பெண்ணை ஆறு ஒரு பக்கம் அறுத்தது. கெடிலம் ஒரு பக்கம் அறுத்தது. அறுபட்ட இடம் பள்ளம் ஆயிற்று. அறுபடாமல் நின்ற இடம் மேடு ஆயிற்று.

வடக்கே புதுச்சேரியின் செம்மண் மேடும், மேற்கே பண்ருட்டியின் பலா விளையும் பூமியும், நெய்வேலியும் கேப்பர் மலைக்குச் சொந்தக்காரர்கள். எல்லாம் ஒரே மணற்கல் குடும்பம்!

விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரை இருக்கிறது. அங்கே பெரிய பெரிய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் வந்து புதைந்தவை. அவை புதைந்திருப்பதும் இதே கடலூர் மணற்கல்லில்தான்.

நெய்வேலியில் இந்த மணற்கல்லுக்கு அடியில்தான் பழுப்பு நிலக்கரி படுத்திருக்கிறது. அதை எடுக்க 1956-ல் கம்பெனி தொடங்கப்பட்டது. 1957-ல் தோண்டும் வேலை ஆரம்பமாயிற்று. மேலே இருந்த மண்ணை எடுத்துக் கொட்டியதில், நெய்வேலியில் புதிய மண் குன்றுகளே உண்டாகிவிட்டன. இயற்கை செய்த மேடு ஒன்று. மனிதன் செய்த மேடு இன்னொன்று!

மண் ஏன் சிவப்பு?

கேப்பர் மலையின் மண் குங்குமம் போல் சிவந்திருக்கும். இதற்குக் காரணம், துரு.

இரும்பு ஆணியை மழையில் போட்டால் துருப் பிடிக்கிறது அல்லவா? அதுபோல, மண்ணில் கலந்திருக்கும் இரும்புச் சத்து, மழையிலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்து துருவாகிவிட்டது. அதனால்தான் இந்த நிறம்.

இந்தத் துரு சில இடங்களில் மண்ணைக் கல் போல இறுக்கியும் வைத்திருக்கிறது. அந்த இறுகிய மேல்தோல்தான் மலைக்குக் கவசம். கவசம் உடைந்தால் உள்ளே இருக்கும் மணல் நிற்காது. ஒரு கோடை மழையில் ஓடை விழும். அடுத்த மழையில் அந்த ஓடை பள்ளம் ஆகும். சில ஆண்டுகளில் ஆள் உயரத்துக்கு மேல் பிளந்துவிடும்.

இதை மறக்கக் கூடாது. பிறகு வரும் விஷயத்துக்கு இது முக்கியம்.

மலைக்காகச் சண்டை

இந்தச் சிறு மலைக்காக இரண்டு வல்லரசுகள் ரத்தம் சிந்தின என்றால் நம்புவது கடினம். ஆனால் அது சரித்திரம்.

1783-ம் ஆண்டு. கடலூர் நகரம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவர்களுடைய தளபதி புஸ்ஸி. மைசூர்ப் படையும் அவர்களுக்குத் துணையாக நின்றது. ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட் சென்னையிலிருந்து பெரும் படையுடன் வந்தார்.

ஜூன் 13-ந் தேதி கடும் போர் நடந்தது. வண்டிப்பாளையம் மலை மீது இருந்த காவல் நிலைகளை ஆங்கிலப் படை தாக்கிப் பிடித்தது. மேட்டைப் பிடித்தவனுக்குக் கீழே இருக்கும் ஊர் முழுவதும் தெரியும் அல்லவா? அன்றைக்கு இரண்டு பக்கமும் ஏராளமானோர் மாண்டார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற சேதி கப்பலில் வந்து சேர்ந்த பிறகுதான் கடலூரில் சண்டை நின்றது.

கேப்பர் என்பது ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரியின் பெயர். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது.

மலை மேல் கடலூர் மத்திய சிறை இருக்கிறது. புதுச்சேரியில் பத்து ஆண்டுகள் தங்கியிருந்த பாரதியார், 1918 நவம்பரில் அங்கிருந்து புறப்பட்டார். எல்லையைத் தாண்டியதும் கைது செய்யப்பட்டார். கடலூர் சிறையில் மூன்று வாரங்களுக்கு மேல் அடைபட்டிருந்தார். டிசம்பரில் விடுதலையானார். கேப்பர் மலையின் காற்றை அந்த மகாகவியும் சுவாசித்திருக்கிறார்!

தண்ணீர்ப் பானை

சரித்திரம் இருக்கட்டும். இன்றைக்கு இந்த மலையால் என்ன லாபம்?

தண்ணீர்! அதுதான் லாபம்.

சமையல் அறையில் மண்பானை இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றினால் மெதுவாகக் கசியும். கேப்பர் மலையும் ஒரு பெரிய மண்பானைதான். மழை பெய்தால், கருங்கல் மலையில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். மணற்கல் மலையில் அப்படி ஓடாது. பெரும்பகுதி உள்ளே இறங்கும். மணல் அதை வடிகட்டும். உள்ளே சேர்த்து வைக்கும். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கிணற்றுக்கும் ஏரிக்கும் கொடுக்கும்.

கடலூர் நகரத்துக்குக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? கேப்பர் மலையிலும் திருவந்திபுரத்திலும் இருக்கும் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து வருகிறது. கடற்கரையில் குடியிருப்பவர் வீட்டில் குழாயைத் திறந்தால் விழுவது, மலைக்குள் இருந்த மழைத் தண்ணீர்!

இதை எத்தனை வீட்டில் குழந்தைகளுக்குச் சொல்லியிருப்பார்கள்?

கடலோடு போட்டி

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாதது.

கடற்கரை ஊர்களில் மண்ணுக்கு அடியில் எந்நேரமும் ஒரு போட்டி நடக்கிறது. மேட்டிலிருந்து நல்ல தண்ணீர் கடலை நோக்கித் தள்ளுகிறது. கடலிலிருந்து உப்புத் தண்ணீர் ஊரை நோக்கித் தள்ளுகிறது. நல்ல தண்ணீர் லேசானது. உப்புத் தண்ணீர் கனமானது. அதனால் நல்ல தண்ணீர் மேலேயும், உப்புத் தண்ணீர் அடியிலேயும் நிற்கும்.

நல்ல தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? உப்புத் தண்ணீர் மேலே ஏறும்.

எவ்வளவு ஏறும்? சாதாரண மணல் கடற்கரையில், நல்ல தண்ணீரின் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் சுமார் 40 அடி ஏறும்! 1889-ல் ஹாலந்து நாட்டு என்ஜினீயர் ஒருவரும், 1901-ல் ஜெர்மன் என்ஜினீயர் ஒருவரும் தனித்தனியே கண்டுபிடித்த கணக்கு இது.

ஒரு முறை உப்பு ஏறிய கிணறு, எளிதில் பழைய நிலைக்குத் திரும்பாது. பல ஆண்டுகள் ஆகும். அதனால், கடலை எதிர்த்து நிற்கும் காவல்காரன் கேப்பர் மலைதான். காவல்காரனை ஒழித்துவிட்டு, வீட்டில் திருடன் வந்துவிட்டான் என்று அழுது பயன் இல்லை.

ஹாலந்தில் என்ன செய்கிறார்கள்?

ஒரு காலத்தில் ஹாலந்துக்காரர்கள் வியாபாரத்துக்காகக் கடலூர்த் தேவனாம்பட்டினத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் வந்தார்கள். அவர்களுடைய நாடும் கடலூர் போலத் தாழ்ந்த நாடுதான். பல இடங்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன.

அந்த நாட்டின் கடலோரத்தில் மணல் மேடுகள் இருக்கின்றன. "வெறும் மணல்தானே" என்று அவர்கள் அள்ளி விற்றுவிடவில்லை. 1853 முதல், ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு அந்த மணல் மேட்டிலிருந்துதான் குடிதண்ணீர் போகத் தொடங்கியது. மேட்டில் தண்ணீர் குறையத் தொடங்கியதும், ரைன் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டு வந்து அதே மணலில் விட்டு ஊற வைக்கிறார்கள். அந்த மேட்டைக் கண்ணின் இமை போலக் காப்பாற்றுகிறார்கள்.

மேட்டின் அருமை பள்ளத்தில் இருப்பவனுக்குத்தான் தெரியும். கடலூரும் பள்ளத்தில் இருக்கும் ஊர்தான்!

தூரத்து மலைகள்

கேப்பர் மலையோடு கதை முடியவில்லை. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தூரத்துச் சொந்தமாக வேறு மலைகளும் உண்டு.

பெண்ணை ஆறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. நானூறு கிலோ மீட்டர் ஓடி, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கல்வராயன் மலைத் தண்ணீர், வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. குடகு மலையில் பிறந்த காவிரி, கொள்ளிடமாகி, கீழணையில் பிரிந்து, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து நெல் வயல்களுக்கு அதுதான் உயிர். 2004 முதல் சென்னைக்கும் வீராணத்திலிருந்து குடிதண்ணீர் போகிறது.

அந்த மலைகளில் மரம் இருந்தால் ஆறு நிதானமாக வரும். மரம் போனால் ஆறு வெறி பிடித்து வரும்.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மேற்கே திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கங்களில் மழை கொட்டித் தீர்த்தது. சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டது. டிசம்பர் 2-ந் தேதி பெண்ணை ஆறு கரை புரண்டது. மழை பெய்தது மேற்கே. வெள்ளத்தில் தவித்தது கடலூர்!

தூரத்து மலைகளைக் காப்பது கடலூர் மக்கள் கையில் மட்டும் இல்லை. பக்கத்து மலையைக் காப்பது அவர்கள் கையில் இருக்கிறது.

லாரியில் போகும் மலை

பக்கத்து மலைக்கு என்ன ஆபத்து?

செம்மண்ணுக்குக் கிராக்கி அதிகம். ரோடு போட வேண்டும் என்றால் செம்மண். மனையை உயர்த்த வேண்டும் என்றால் செம்மண். புது வீட்டு அஸ்திவாரத்தை நிரப்பவும் செம்மண். இத்தனைக்கும் மேட்டில்தான் கை வைக்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்ந்த மண், அரை மணி நேரத்தில் லாரியில் ஏறிவிடுகிறது.

மேல்தோல் போன இடத்தில் மழை விழுந்தால், முன்பு சொன்னபடி ஓடை பிளக்கும். தண்ணீர் உள்ளே இறங்காது. மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடும். அந்த மண் ஏரியில் போய்ப் படியும். ஏரி ஆழம் குறையும். மலைக்கும் நஷ்டம், ஏரிக்கும் நஷ்டம், கிணற்றுக்கும் நஷ்டம்.

மரத்தின் கதையும் சோகம்தான். 2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் அடித்தது. கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரம் நல்லபடி காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். போன மரத்துக்குப் பதில் புது மரம் வைக்காத இடம் எல்லாம், மழைக்குத் திறந்துவிட்ட கதவு.

வீடு கட்ட வேண்டாமா?

"மண் எடுக்காமல் ரோடு எப்படிப் போடுவது? வீடு எப்படிக் கட்டுவது? லாரி ஓட்டுகிறவனும் மண் வெட்டுகிறவனும் என்ன சாப்பிடுவது?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான்! அதற்குப் பதில் சொல்லாமல், "மலையைத் தொடாதே" என்று மட்டும் சொல்வது சுலபம். ஆனால் அது பயன்படாது.

மண் வேண்டும்; உண்மை. எங்கே எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதுதான் கேள்வி.

குடிதண்ணீர்க் கிணறு இருக்கும் பக்கத்தில் எடுக்கக் கூடாது. சரிவிலும் ஓடைக் கரையிலும் எடுக்கக் கூடாது. தட்டையான இடத்தில், அளந்து கொடுத்த ஆழத்துக்கு எடுக்கலாம். எடுத்த இடத்தைச் சமன் செய்து மரம் வைக்க வேண்டும். மரம் பிழைத்ததைப் பார்த்த பிறகே அடுத்த இடத்துக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

மனையை உயர்த்த எல்லா இடத்திலும் செம்மண்தான் வேண்டும் என்பது இல்லை. மேடாகிப்போன ஏரியைத் தூர் வாரினால் மண் கிடைக்கும். ஏரியும் ஆழமாகும். வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு அரசாங்கம் 2024-லும் வழி செய்தது. மலையில் வெட்டுகிற கை, ஏரியில் வெட்டட்டும். கூலியும் கிடைக்கும், ஊருக்கு நன்மையும் கிடைக்கும்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. சிறு குவாரியாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சட்டம் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. இரவில் லாரி போகும்போது, விழித்திருக்கும் ஊர் வேண்டும்.

என்ன செய்யலாம்?

இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். சின்னச் சின்ன வேலைகள் போதும்.

முதலாவது, மலையின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். எது மலை, எது மனை என்று தெரியாமல் இருப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

இரண்டாவது, மழை ஓடைகளில் கல்லையும் மண்ணையும் கொண்டு சிறு சிறு தடுப்புகள் கட்ட வேண்டும். ஓடும் தண்ணீர் நடக்கட்டும். நடக்கும் தண்ணீர் நிற்கட்டும். நிற்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கட்டும்!

மூன்றாவது, பிளவு விழுந்த ஓரங்களில் பனங்கொட்டை ஊன்ற வேண்டும். பனையின் வேர் மண்ணை விடாமல் பிடிக்கும். பனங்கொட்டைக்கு விலையா இருக்கிறது? பள்ளிப் பிள்ளைகள் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் ஊன்றிவிடுவார்கள்.

நான்காவது, மலைத் தண்ணீர் ஏரிக்குப் போகும் வாய்க்கால்களை அடைக்காமல் வைத்திருக்க வேண்டும். வாய்க்கால் மேல் வீடு கட்டினால், மழைக்காலத்தில் வாய்க்கால் வீட்டுக்குள் வரும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியம். கடலூர்ப் பிள்ளைகளுக்குக் கேப்பர் மலையைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டும். எவரெஸ்டின் உயரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தன் வீட்டுத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை...

மாலத்தீவு என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாடு முழுவதிலும் மிக உயர்ந்த இடமே ஓர் ஓட்டு வீட்டின் உயரம்கூட இராது. கேப்பர் மலை போல ஒரு மேடு கிடைத்தால், அந்த மக்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள்.

கடலூருக்கு அந்த மேடு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார்கள் தங்கள் பிள்ளைகளைத் திருவந்திபுரத்துக்கு அழைத்துப் போகட்டும். 74 படிகளையும் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே ஏறட்டும். பாட்டியால் ஏற முடியாவிட்டால் அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கெடிலம் ஆறு தெரியும். வயல் தெரியும். தென்னந்தோப்புகள் தெரியும். மண் சிவப்பாக இருப்பதைப் பிள்ளை கவனிக்கும். "ஏன் அப்பா சிவப்பு?" என்று கேட்கும்.

அப்போது தகப்பனார் பதில் சொல்லட்டும். துருவின் கதையைச் சொல்லட்டும். மண்பானையின் கதையைச் சொல்லட்டும். கடலோடு இந்த மலை போடும் போட்டியைச் சொல்லட்டும்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து குழாயைத் திறக்கும்போது, மலையை நினைத்துக்கொள்ளும். அப்படி நினைக்கும் பிள்ளைகள் ஊரில் பெருகினால், மலையை யாரும் லாரியில் ஏற்ற முடியாது.

100 அடி மலைதான். ஆனால் அது போனால், எத்தனை கோடி கொடுத்தாலும் இன்னொன்று வாங்க முடியாது!